பரண் நிறைந்தால் பரவாயில்லை, கட்டில் நிறைந்தால்?

‘ஹோர்டிங்’ என்று சொன்னால் நம்மில் பாதிப் பேருக்கு மெயின் ரோட்டில் நகைக்கடை விளம்பரம் மாட்டியிருக்கும் பெரிய பலகைதான் நினைவுக்கு வரும். ‘பதுக்கல்’ என்றால் ரேஷன் அரிசி, குடோன், பறக்கும் படை. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு மனநலக் கோளாறு சரியான பெயர் கிடைக்காமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் இல்லாததால் ஆளுக்கொன்று சொல்கிறோம்: கஞ்சம், சோம்பேறி, கிறுக்கு, அந்தக் காலத்து மனுஷி. இப்போது புதிதாக, பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவி எடுத்து வைக்கும் எல்லா அம்மாக்களையும் ‘ஹோர்டர்’ என்று ரீல்ஸ் போட்டுச் சிரிக்கும் வழக்கமும் வந்திருக்கிறது.

என் பெரியம்மா வீட்டில் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். பார்த்த காலத்தில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியாமல் நாங்கள் செய்துவைத்த ஒரு காரியத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம்.

ஆங்கிலத்தில் ‘ஹோர்டிங் டிஸார்டர்’ எனப்படுவதை இந்தக் கட்டுரையில் ‘குவிப்புக் கோளாறு’ என்று அழைக்கிறேன். ஒரு பொருளின் உண்மையான மதிப்பு என்னவாக இருந்தாலும் அதைக் கைவிட முடியாமல் தவிப்பது, அப்படி விடாமல் சேர்ந்த பொருள்களால் வீட்டில் புழங்கவே முடியாமல் போவது. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அது கோளாறு.

டப்பா சேர்ப்பதெல்லாம் நோய் ஆகாது

நம் வீடுகளில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு இருக்கும். பிஸ்கட் டின்னில் ஊசி நூல் இருக்கும். பழைய வேட்டி கரித்துணியாகி, கடைசியில் வண்டி துடைக்கப் போகும். பால் கவரைக் கழுவிக் காயவைத்து எடைக்குப் போடுகிறவர்களும் உண்டு. இது சிக்கனம். இதில் பொருள் ஒரு வழியாக உள்ளே வந்து, நாலு வேலை பார்த்துவிட்டு, இன்னொரு வழியாக வெளியே போய்விடுகிறது. தெருவில் பழைய பேப்பர்காரர் குரல் கேட்டால் கிலோ என்ன விலை என்று பேரம் பேசிக் கொடுத்துவிடுகிறோம். கொடுத்த பிறகு ராத்திரி தூக்கம் கெடுவதில்லை.

தபால்தலை சேர்ப்பவர், பழைய கேமரா சேர்ப்பவர் கதையும் வேறு. அவர்களிடம் வரிசை இருக்கும், பட்டியல் இருக்கும். வீட்டுக்கு யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவார்கள். குவிப்புக் கோளாறு உள்ளவர் வீட்டுக்கு யாரும் வரக்கூடாது என்று நினைப்பார்.

நான் வைத்திருக்கும் எளிய அளவுகோல், பரணும் கட்டிலும். பரண் நிறைந்திருந்தால் அது எல்லார் வீட்டுக் கதை. பரண் அதற்குத்தானே இருக்கிறது? கட்டில் நிறைந்து மனிதர் தரையில் படுத்தால், அடுப்பு மேடை நிறைந்து சமையல் நின்றுபோனால், குளியலறையில் மூட்டை ஏறி வாளிக்கு இடமில்லாமல் போனால், அங்கே கவனிக்க வேண்டிய ஏதோ இருக்கிறது. மருத்துவர்களின் வரையறையும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது: அன்றாடம் புழங்கும் இடம் அதன் வேலையைச் செய்ய முடியாதபடி அடைபட்டிருக்க வேண்டும்.

அந்த வரையறையில் நம் வீடுகளுக்கென்றே எழுதியதுபோல ஒரு சின்ன வரியும் உண்டு. வேறு யாரோ இடைவிடாமல் அப்புறப்படுத்துவதால் மட்டுமே வீடு சுத்தமாக இருக்கிறது என்றாலும் கோளாறு இருப்பதாகவே கொள்ளலாம். கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகள் பத்து வருஷம் சத்தமில்லாமல் மாமனாரின் மூட்டைகளைக் குறைத்துக்கொண்டே இருப்பார். அவர் தனிக்குடித்தனம் போன ஆறாவது மாதம் மாமனாருக்குத் ‘திடீரென்று ஏதோ ஆகிவிட்டது’ என்று ஊர் பேசும். அவருக்குத் திடீரென்று எதுவும் ஆகவில்லை. மறைத்துக்கொண்டிருந்த கை விலகிவிட்டது.

மருத்துவத்துக்கும் இது தாமதமாகத்தான் விளங்கியது. கதவு பூட்டியிருக்கிறதா என்று இருபது தடவை பார்க்க வைக்கும் ஓசிடி நோயின் ஒரு வகை என்றே ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில்தான் இது தனி நோயானது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் தனி இடம் கிடைத்தது. பெரும்பாலும் மேலை நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது. ஆண், பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை. பதினொன்று முதல் பதினைந்து வயதுக்குள்ளேயே முளைவிட்டு, முப்பதுகளில் இடைஞ்சலாகி, அறுபதில் வீட்டையே அடைக்கிறது. கிழவர்களின் நோய் என்று நாம் நினைப்பதற்குக் காரணம், குவிய அத்தனை வருஷம் பிடிக்கிறது என்பதுதான்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: சிக்கனம் வேறு, சேகரிப்பு வேறு, இது வேறு. பொருளை எண்ணிப் பயனில்லை. புழங்க இடம் இருக்கிறதா, விட மனம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு கல்யாணப் பத்திரிகையும் பத்து நிமிடமும்

பெரியம்மா வீட்டு ஹாலில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். ‘உட்கார்ந்திருந்தேன்’ என்றால், கட்டைப்பைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் அளவுக்கு இடம் ஒதுக்கித் தந்திருந்தார். “இதையாவது எடுத்துப் போட்டுடலாமா?” என்று மேலாக இருந்த பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் காட்டினேன். ஐந்து வருஷத்துக்கு முந்தைய கல்யாணம்.

வாங்கிப் பார்த்தார். “பிள்ளையார் படம் போட்டிருக்கே, குப்பையில போடலாமா?” நியாயம். படத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றேன். திருப்பினார். பின்னால் பேனாவில் ஒரு போன் நம்பர். “இது யார் நம்பர்னு தெரியலையே. சமையல்காரர் நம்பரா இருக்குமோ?” சரி, நம்பரை எழுதிக்கொள்ளலாம் என்றேன். கவரைத் தடவிப் பார்த்தார். “கவர் எவ்வளவு கெட்டியா இருக்கு பாரு. மொய் வைக்க ஆகும்.” அப்புறம் அந்தக் கல்யாணத்தில் போட்ட சாப்பாடு, அங்கே பெரியப்பா யாருடனோ சண்டை போட்டது, அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு குழந்தைகள் என்பது. பத்து நிமிடம் ஆனது. பத்திரிகை எடுத்த இடத்துக்கே, அதே குவியலின் உச்சிக்கே திரும்பிப் போனது.

இதில் எந்தக் காரணமும் பைத்தியக்காரத்தனமானது இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் நாம் எல்லாரும் சொல்லக்கூடிய காரணம்தான். சாமி படம், பிற்பாடு உதவும், நினைவு. நமக்கு இதில் ஒன்றோ இரண்டோ தோன்றி மறையும். அவருக்கு எல்லாமே, எல்லாப் பொருளுக்கும், முழு வேகத்தில் தோன்றும்.

எடுத்துப் பார்த்து, யோசித்து, முடிவில்லாமல் அதே குவியலில் வைக்கும் இந்தச் செயலுக்குத் துறை சார்ந்தவர்கள் ‘கடைதல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மத்தால் கடைந்தால் வெண்ணெயாவது திரளும். இங்கே அடியில் இருந்தது மேலே வரும், மேலே இருந்தது அடியில் போகும், அவ்வளவுதான். நாள் முழுக்கப் பாடுபட்டிருப்பார், குவியல் அப்படியே இருக்கும். சோம்பேறி என்று நாம் சொல்லும்போது அவருக்கு ஏன் அழுகை வருகிறது என்பது இதிலிருந்து புரியும்.

உள்ளே நடப்பது என்ன

அமெரிக்க உளவியலாளர் ராண்டி ஃப்ராஸ்ட்டும் டமாரா ஹார்ட்டலும் 1996இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இன்றைக்கும் சிகிச்சைகள் பலவும் அதன் மேல்தான் நிற்கின்றன. நான் புரிந்துகொண்ட வகையில் சொல்கிறேன்.

முதலாவது, வகை பிரிப்பது. நாற்பது பத்திரிகைகள் என் கண்ணுக்குப் ‘பழைய பத்திரிகை’ என்ற ஒரே கட்டு. கட்டுக்கு ஒரு முடிவு எடுத்தால் போதும். பெரியம்மாவுக்கு அவை நாற்பது தனித்தனிப் பொருள்கள். நாற்பது முடிவுகள் எடுக்க வேண்டும். மளிகைக்கடைக்காரரிடம் பருப்பைக் கிலோவாக நிறுக்காமல் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்கச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான்.

இரண்டாவது, ஞாபகத்தின் மேல் அவநம்பிக்கை. ‘கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவேன்’ என்ற பயம். அதனால் கரண்ட் பில்லும் வெளியே இருக்க வேண்டும், மாத்திரைச் சீட்டும் வெளியே இருக்க வேண்டும். எல்லாமே வெளியே இருந்தால் எதுவும் கண்ணில் படாது. ஆனாலும் பீரோவுக்குள் வைக்க மனம் வராது.

மூன்றாவது, பொருளோடு உள்ள பாசம். பெரியம்மாவுக்கு ஒரு உடைந்த குடைக்கும் தனக்கும் நடுவே ஏதோ பொறுப்பு இருப்பதுபோல இருக்கும். அதைக் கைவிடுவது ஓர் ஆளைக் கைவிடுவதுபோல.

இதை மூளையிலேயே பார்க்க முடியுமா என்று டேவிட் டோலின் என்ற ஆய்வாளரின் குழு முயன்று 2012இல் முடிவுகளை வெளியிட்டது. இந்தக் கோளாறு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்த கடிதம், நோட்டீஸ் போன்ற காகிதங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். வைத்துக்கொள்வதா, கிழித்துவிடுவதா? கிழிக்கச் சொன்னால் உண்மையாகவே இயந்திரத்தில் போட்டுக் கிழித்துவிடுவார்கள். நடுநடுவே அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத காகிதங்களையும் காட்டினார்கள்.

மூளையில் ஆன்டீரியர் சிங்குலேட் கார்டெக்ஸ், இன்சுலா என்று இரண்டு பகுதிகள் உண்டு. ‘இது முக்கியம், இதில் தப்பு நடந்துவிடக் கூடாது’ என்று நம்மை உஷார்ப்படுத்துவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஒரு காவல் நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நாய் திருடனைப் பார்த்துக் குரைக்கும், பால்காரரைப் பார்த்தால் வாலாட்டும். கோளாறு உள்ளவர்களின் நாய், அடுத்தவர் காகிதத்துக்கு மற்றவர்கள் நாயைவிடக் குறைவாகவே அசைந்தது. சொந்தக் காகிதம் வந்தால், அது வெறும் நோட்டீஸாக இருந்தாலும், திருடன் வந்ததுபோலக் குரைத்தது. “வெறும் காகிதம்தானே” என்று நாம் சொல்வது அந்தச் சத்தத்தில் அவர் காதில் விழாது.

சரி, அந்தச் சத்தத்தை எப்படி நிறுத்துவது? “இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றால் உடனே நின்றுவிடும். இங்கேதான் நோய் வேர் பிடிக்கிறது. பல் டாக்டரிடம் போவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டவுடன் நமக்கு வரும் நிம்மதியை நினைத்துப் பாருங்கள். சொத்தை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அந்த நிமிடம் சுகமாக இருக்கிறது. அந்தச் சுகம் அடுத்த தடவையும் தள்ளிப்போடச் சொல்லித்தரும். தினமும் ஐம்பது பொருளுக்கு ஐம்பது தடவை இந்தப் பாடம் நடந்தால், போகப்போகத் தள்ளிப்போடுவதே இயல்பாகிவிடும்.

ஆக, எடுத்துப் போடச் சோம்பல் என்பதல்ல சிக்கல். போடலாமா என்று முடிவெடுக்கும் அந்தக் கணத்தில் அவருக்கு ஏற்படும் பதற்றமும், முடிவெடுக்காமல் விடும்போது கிடைக்கும் நிம்மதியும்தான்.

“கஷ்டத்தில் வளர்ந்தவங்க, அதான்”

எங்கள் குடும்பத்தில் சொல்லப்பட்ட காரணம் இதுதான். கேட்பதற்குப் பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் 1993இலேயே ஃப்ராஸ்ட் நடத்திய ஆய்வில் சிறுவயது வறுமைக்கும் இந்தக் குவிப்புக்கும் தொடர்பு தென்படவில்லை. குடும்பத்தில் ஓடுவது தெரிகிறது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், தங்கள் ரத்த உறவில் இன்னொருவரும் இப்படியே என்கிறார்கள். மரணம், பிரிவு போன்ற அதிர்ச்சிக்குப் பின் முற்றுவதும் உண்டு. மனச்சோர்வும் கூடவே இருப்பது சகஜம்.

வறுமைக் கதைக்கு நேர் எதிரான உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. ஹார்லெம் பகுதியில், ஐந்தாம் அவென்யூவும் 128ஆம் தெருவும் சேரும் முனையில் இருந்த மாடிவீட்டில் ஹோமர் காலியர், லாங்லி காலியர் என்ற சகோதரர்கள் வாழ்ந்தார்கள். அப்பா மருத்துவர். அண்ணன் சட்டம் படித்தவர், தம்பி பொறியியல் படித்தவர். அண்ணனுக்குக் கண்பார்வை போனது, பின்னர் கைகால் முடங்கியது. பார்வை ஒருநாள் திரும்பும், அன்றைக்கு விட்டுப்போன சேதியெல்லாம் படிக்க வேண்டுமே என்று தம்பி செய்தித்தாள்களைச் சேர்த்துவைத்தார். ஒன்றிரண்டு வருஷத்துப் பேப்பர் இல்லை. கூரையைத் தொடும் அளவுக்கு.

1947 மார்ச் 21 அன்று, அந்த வீட்டில் யாரோ இறந்துகிடப்பதாகப் போலீஸுக்கு போன் வந்தது. முன்வாசல் வழியாக நுழைய முடியவில்லை. மாடி ஜன்னல் வழியாகப் போய் ஹோமரின் உடலைக் கண்டெடுத்தார்கள். தம்பி ஓடிவிட்டார் என்று நினைத்து வெளியூர்களில் எல்லாம் தேடினார்கள். ஏப்ரல் 8 அன்று, அண்ணன் இருந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் லாங்லியின் உடல் கிடைத்தது. திருடர்களுக்காகத் தானே அமைத்த பொறி சரிந்து, பேப்பர் கட்டுகளுக்கு அடியில் சிக்கி இறந்திருந்தார். சோறூட்ட ஆளில்லாமல் அண்ணன் பிறகு இறந்திருக்கிறார். பதினான்கு பியானோக்கள் உட்பட நூறு டன்னுக்கு மேல் சாமான் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தது. இன்றைக்கும் நியூயார்க் தீயணைப்பு வீரர்கள், சாமான் அடைந்த வீட்டைக் ‘காலியர் மாளிகை’ என்றே சொல்கிறார்கள்.

அந்தச் செய்தித்தாள்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். அது கஞ்சத்தனமும் இல்லை, ஆசையும் இல்லை. அண்ணன் மேல் வைத்த அன்பு.

வீடு என்ன ஆகிறது

முதலில் கிடைமட்டமான இடங்கள் போகும். டைனிங் டேபிள், தையல் மிஷின், டிவி ஸ்டாண்ட், கட்டில். பிறகு தரை. கடைசியில் வாசலிலிருந்து படுக்கைக்கும் கழிப்பறைக்கும் ஒற்றையடிப் பாதை மட்டும் மிஞ்சும். பெரியம்மா வீட்டில் அந்தப் பாதையில் பக்கவாட்டில் நடக்க வேண்டும், தோள் இடித்தால் ஏதாவது சரியும்.

அடுத்தது பலருக்குத் தோன்றாது: ரிப்பேர் நின்றுவிடும். பிளம்பரை உள்ளே விட வெட்கம். அதனால் ஒழுகும் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும், சுவர் ஊறும், அட்டைப்பெட்டியில் கரையான் ஏறும். பிளக் பாயின்ட் சாமானுக்குப் பின்னால் போய்விட்டதால் எக்ஸ்டென்ஷன் வயர் துணி மூட்டைகளுக்கு அடியில் ஓடும். இருப்பது எங்கே என்று தெரியாததால் அதையே திரும்ப வாங்குவார்கள். குக்கர் கேஸ்கட் ஒரே அளவில் ஐந்து, ஐந்தும் பிரிக்காத பாக்கெட்டில், பெரியம்மா வீட்டில் பின்னால் கிடைத்தது.

தீ என்று வந்தால் நிலைமை மோசம். எரிய எல்லாம் இருக்கிறது, ஓட வழி இல்லை, தீயணைப்பு வீரர் நுழையவும் வழி இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பத்தாண்டுத் தீ விபத்துகளை ஆராய்ந்தபோது, வீட்டுத் தீ விபத்துகளில் கால் சதவீதம்தான் இப்படிப்பட்ட வீடுகளில் நடந்திருந்தது. ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய தீச் சாவுகளில் 24 சதவீதம் அந்தக் கால் சதவீதத்தில்தான்.

‘எங்க வீட்ல கொஞ்சம் சாமான் அதிகம்’ என்று சொல்லும்போது அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு? இதற்காகவே ஆய்வாளர்கள் ஒரு படவரிசை செய்தார்கள். ஹால், படுக்கையறை, சமையலறை, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது புகைப்படங்கள். முதல் படத்தில் காலியான அறை, ஒன்பதாவதில் கூரைவரை குவியல். உங்கள் அறை எதைப் போல இருக்கிறது என்று காட்டினால் போதும். நான்கும் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டும். லண்டன் தீயணைப்புத் துறைகூட இதைப் பயன்படுத்துகிறது. பெரியம்மா வீட்டு ஹால் என் கணக்கில் ஆறு. அவரிடம் காட்டியபோது மூன்றாவது படத்தைத் தொட்டார். பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

குடும்பம் என்ன ஆகிறது

காலிங் பெல் அடித்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? கூரியராக இருக்கும் என்று எழுந்து போவீர்கள். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வயிறு கலங்கும். டிவி சத்தத்தைக் குறைப்பார்கள், லைட்டை அணைப்பார்கள், வீட்டில் ஆளில்லாததுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். என் அண்ணன், அதாவது பெரியம்மா மகன், பள்ளிக்கூடம் முடியும்வரை ஒரு நண்பனையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. “எங்க வீட்ல நாய் இருக்குடா, கடிக்கும்” என்று சொல்லிவைத்திருந்தான். நாயே கிடையாது.

2008இல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட குடும்பங்களைக் கேட்டு நடத்திய ஆய்வு இதை உறுதிப்படுத்துகிறது. பத்து வயதுக்கு முன்பே குவியலுக்கு நடுவில் வாழ்ந்த பிள்ளைகள், பிற்பாடு அந்த நிலை வந்த வீட்டுப் பிள்ளைகளைவிடச் சிறுவயதில் அதிகம் துன்பப்பட்டதாகவும், நண்பர்கள் கிடைக்கச் சிரமப்பட்டதாகவும் சொன்னார்கள். பெற்றோரோடு உறவும் அதிகம் கசந்திருந்தது. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வில், பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 8 முதல் 12 சதவீதம் பேர், இதனாலேயே வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது அல்லது காலி செய்யச் சொல்லி மிரட்டப்பட்டோம் என்றார்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னும் சில கிளைகள் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்களை எங்கே உட்காரவைப்பது? பெரியம்மா மகளான அக்காவைப் பெண் பார்த்தது எங்கள் வீட்டில்தான். “வீட்ல பெயின்ட் வேலை நடக்குது” என்று சொல்லிச் சமாளித்தோம். பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுவர முடியாமல், போர்வையில் வைத்து நாலு பேராகத் தூக்கி வந்தார்கள். அவர் பிழைக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் நுழைந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி அண்ணனுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்குள் நடக்கும் சண்டை எப்போதும் பொருளைப் பற்றியே இருக்கும். “இந்த ஓட்டை வாளி எதுக்கு?” “அது உனக்கு என்ன பண்ணுது?” வாளி வெறும் சாக்கு. ‘எங்களைவிட உனக்கு வாளி பெரிசா’ என்று பிள்ளை கேட்கிறான். ‘என் கையில் இருப்பதை ஏன் எல்லாரும் பிடுங்குகிறீர்கள்’ என்று அம்மா கேட்கிறார். இரண்டு கேள்வியும் வாயில் வராமலேயே இருபது வருஷம் ஓடிவிடும்.

நாங்கள் செய்த காரியம்

பெரியப்பா இறந்த மறுவருஷம் பெரியம்மா உறவினர்களோடு ராமேஸ்வரம் போனார். அண்ணன் லீவு போட்டான். நான் போனேன், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு நாள். குட்டியானை மூன்று நடை அடித்தது. காயலான் கடைக்காரர் எடைபோட்டு எடைபோட்டுச் சலித்துவிட்டார். கட்டில் தெரிந்தது, தரையின் மொசைக் நிறம் தெரிந்தது. சுவருக்கு வெள்ளையடித்தோம். அவ்வளவு சந்தோஷம் எங்களுக்கு. வந்து பார்த்து அழுதுவிடுவார் என்று நினைத்தோம், ஆனந்தத்தில்.

வாசலிலேயே நின்றார். கத்தவில்லை. நேராக ஜன்னல் ஓரம் போய், “இங்க ஒரு பச்சை டப்பா இருந்துச்சே” என்றார். மூடி துருப்பிடித்த பிஸ்கட் டின். உள்ளே கசங்கிய காகிதம், அதையும் எடைக்குப் போட்டிருந்தோம். அவை பெரியப்பா கையால் எழுதிய மளிகைச் சீட்டுகள்.

ஒன்றரை வருஷத்தில் வீடு பழையபடி நிறைந்தது. இந்தத் தடவை அறைக் கதவுக்குப் பூட்டு வேறு. அண்ணன் வந்தால் பெரியம்மா கைப்பையைத் தோளிலிருந்து இறக்குவதில்லை.

ஏன் இப்படி ஆனது என்பது மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் விளங்கும். முடிவுகளை நாங்கள் எடுத்தோம். முடிவெடுக்கத் தெரியாத சிக்கல் அவரிடம் அப்படியே இருந்தது. ‘கண் அசந்தால் பறிபோய்விடும்’ என்ற அவருடைய பயத்தையும் நாங்களே நிரூபித்துக் காட்டினோம். மனநல மருத்துவர்கள் கட்டாயச் சுத்தத்தை எதிர்ப்பது வெறும் மென்மையால் இல்லை. அது பெரும்பாலும் பலன் தருவதில்லை.

பிறகு என்ன செய்வது

இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இல்லை. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கு மருந்து தருவார்கள். இதற்காகவே வடிவமைத்த சிந்தனை–நடத்தைச் சிகிச்சைதான் முக்கியம். பொருளை எடுத்து, பதற்றத்தைத் தாங்கி, முடிவெடுத்துப் பழகும் பயிற்சி என்று சுருக்கமாகச் சொல்லலாம். கடைக்குள் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வரும் பயிற்சியும் இதில் உண்டு. ஏறக்குறைய 26 அமர்வுகள் என்பது ஒரு வழக்கமான திட்டம். பலருக்கு நிலைமை தேறும், முழுக்கச் சீராவது குறைவு. இதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416.

அவர் வர மறுத்தால்? பெரும்பாலும் மறுப்பார். அப்போது வீட்டைச் சுத்தமாக்கும் லட்சியத்தை ஒத்திவைத்துவிட்டு, ஆபத்தை மட்டும் குறையுங்கள். அடுப்பைச் சுற்றி, வாசல் கதவு, கழிப்பறைக்குப் போகும் வழி, மெயின் சுவிட்ச். இந்த நாலு இடமும், அதுவும் அவரைக் கேட்டு, அவர் கண்முன்னால். “இதெல்லாம் குப்பை” என்ற வார்த்தையை அந்த வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அவர் எதையாவது விட்டால், அடுத்ததைக் காட்டி அவசரப்படுத்தாதீர்கள்.

பெரியம்மா ஆலோசகரிடம் போகத் தொடங்க இன்னும் நாலு வருஷம் ஆனது. கால் இடறி விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு, தானாகவே கேட்டார். போன பொங்கலுக்கு முந்தின வாரம், பாத்திரம் இல்லாத மூடிகளாக ஒரு கட்டைப்பையை எடுத்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். எண்ணினோம், நாற்பத்து மூன்று. பக்கத்தில் உட்கார வேண்டும், வாய் திறக்கக் கூடாது என்பது எனக்கு ஆலோசகர் போட்ட நிபந்தனை.

முதல் மூடிக்குப் பதினோரு நிமிடம். “இது தூக்குவாளி மூடி. வாளி எங்கேன்னு தெரியல” என்றார். நான் பேசவில்லை. “வாளி வந்தா மூடி வேணுமே” என்றார். பேசவில்லை. பையில் போட்டார். காபி போட எழுந்து போனார், பாதியில் திரும்பி வந்து பையிலிருந்து அதை எடுத்தார், கையில் வைத்துப் பார்த்தார், மறுபடி பையில் போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு மொத்தம் ஆறு மூடிகள் போயின. ஏழாவதை என் கையில் கொடுத்து, “உன் வீட்ல எதுக்காவது சேருதான்னு பாரு” என்றார். எதற்கும் சேரவில்லை. எங்கள் சமையலறை அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.